மைமூனின் நீலக் கட்டங்கள்

சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் நர்ஸ் பெண்கள் மூன்று தடவை வீடு தேடி வந்தார்கள். மூன்று தடவையும், "போங்கடி, எனக்கு வேற வேலை இல்லையா" என்று துரத்திவிட்டேன். இப்போது நானாகவே உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் ஒரு ரத்தப் பரிசோதனைதான்.

எனக்கும் சர்க்கரை உண்டு. வயசான காலத்தில் வருகிற சர்க்கரை, மாத்திரையோடு ஓடிக்கொண்டிருக்கிறது. பரிசோதனைக்கு நாலு நாள் முன்னாலிருந்தே வாயைக் கட்டிக்கொண்டு, கஞ்சியும் கீரையுமாக இருந்துவிட்டு, பெரிய உத்தமி மாதிரி போய்க் கையை நீட்டினேன். சீட்டைக் கொடுத்த லேப் பெண் சிரிக்கிறாள். "இன்னா ஆயா, நாலு நாள் பட்டினி கெடந்தா சரியாப் பூடுமா? இது மூணு மாசச் சர்க்கரை. நீ எந்த மாசம் இன்னா துன்னியோ எல்லாம் இதுல கீது. இத்த ஏமாத்த முடியாது."

முப்பத்தாறு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவளை ஆயா என்றால் கோபம் வருமா, வராதா? எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனால் அன்றைக்குக் கோபம் வரவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்காக அழவில்லை, அதை அவளிடம் சொல்லவில்லை. இப்படி ஒரு பரிசோதனை ஐம்பதுகளில் செங்கல்பட்டில் இருந்திருந்தால் மைமூன் செத்திருக்க மாட்டாள்.

நான் கருங்குழிக்காரி. அப்பாவுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. நர்ஸ் படிக்கப் போகிறேன் என்றதும், "ஊரான் வூட்டு மூத்திரம் அள்றதுக்கா உன்னைப் பெத்தோம்" என்று பெரியப்பா கேட்டார். பட்டணத்தில் மூன்று வருஷம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. படுக்கை விரித்தேன், பாத்திரம் கழுவினேன், திட்டு வாங்கினேன், பாஸ் பண்ணினேன். பெரியப்பா சொன்னது பொய்யில்லை என்பது செங்கல்பட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்றே தெரிந்துவிட்டது. வார்டை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு கட்டை ஸ்டாண்டில் ஆறு கண்ணாடிக் குழாய், ஒரு பெரிய சீசாவில் நீலக் கரைசல். அங்கேதான் என் பாதி உத்தியோகம் கழிந்தது.

இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். விரல் நுனியில் குத்தி ஒரு நொடியில் நம்பர் பார்க்கிற காலம் இல்லை அது. குழாயில் ஐந்து மில்லி நீலக் கரைசல். அதில் எட்டே எட்டுச் சொட்டு மூத்திரம். ஒன்பது விழுந்தால் கொட்டிவிட்டு மறுபடி. விளக்கில் காட்டும்போது குழாயின் வாய் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது, பொங்கி அடிக்கும். ஆட்டிக்கொண்டே இரண்டு நிமிஷம் கொதிக்க விட்டு, ஸ்டாண்டில் வைத்து ஆறவிட்டு, ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு. செங்கல் சிவப்பாக அடியில் படிந்தால் ஆள் ஆபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

எங்கள் டாக்டர் பெயர் சாமுவேல். ஒல்லி, உயரம், மூக்குக் கண்ணாடி. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அந்தத் துடைப்பைப் பார்த்தாலே நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்துவிடுவோம். சர்க்கரைக்காரர் யார் வந்தாலும் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, "வாயைத் திறந்து ஊதுங்க" என்பார். குனிந்து மோந்து பார்ப்பார். அழுகின பழ வாசனை வந்தால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஊசி. அதற்கடுத்து, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். ஆள் முதலில் கஞ்சி என்பான். டாக்டர் பேசாமல் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் கஞ்சியோடு இரண்டு பூரி வெளியே வரும். இன்னும் பார்த்தால் ஜிலேபியும் வரும். சீட்டையும் நோட்டையும் கடைசியில்தான் தொடுவார்.

சர்க்கரைக்காரர்கள் எல்லாரும் கொஞ்சம் திருடர்கள். நானும் அந்தச் சாதியில் சேர்ந்த பிறகு தைரியமாகச் சொல்லலாம். மதுராந்தகத்துப் பக்கம் அரிசி மில் வைத்திருந்த ஒருவர், பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து கொண்டுவந்து கொடுத்தார். நீலம் வந்தது. எனக்கு என்னவோ உறுத்தியது. அவரை நிறுத்தி, "இங்கேயே பிடிச்சுக் குடுங்க" என்றேன். சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. "முதலாளி, எனக்கேவா கிணத்துத் தண்ணி?" என்று நான் கேட்டது வார்டு முழுக்கக் கேட்டது. அவர் தலை குனிந்து போனார். அன்று முதல் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மைமூன் வந்தபோது அவளுக்குப் பதினோரு வயசு. ஊர் புதுப்பட்டினம். இப்போது அணுமின் ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக மீன் வாங்க வருகிற கடைத்தெரு அப்போது இல்லை, சவுக்குத் தோப்பும் மணலும்தான். அவள் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள், அங்கே வலை நூலும் கயிறும் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள், ஆனால் ஈர்க்குச்சியாக இளைத்துக்கொண்டே போகிறாள் என்று தாயத்துக் கட்டி, ஓதிப் பார்த்து, கடைசியில் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் மோந்து பார்த்தார். அந்த நிமிஷமே ஊசி.

மூன்று வாரத்தில் பிள்ளை தேறிவிட்டாள். கன்னத்தில் சதை வந்தது. வாய் வந்தது பாருங்கள், அடேயப்பா! "சிஸ்டரம்மா, இந்த ஊசியை எந்தக் கல்லுல தீட்டுறீங்க? எங்க அத்தா மீன் வெட்ற கத்தி கூட இத்தவிடக் கூரா கீது." நிஜம்தான். ஊசியைக் கல்லில் தீட்டித் தீட்டித்தான் போட்டோம். அவளுக்காக நான் தனியாக ஒன்றைத் தீட்டி வைத்திருந்தேன்.

அவள் அம்மா பாத்திமா பீவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கை சுத்தம். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைப்பது, மருந்து பாட்டிலைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டுவது, இன்று இந்தத் தொடை நாளை அந்தத் தொடை என்று மாற்றிப் போடுவது எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். ஐஸ் பெட்டி ஏது? மண் பானையில் ஈர மணல் போட்டு அதற்குள் பாட்டிலைப் புதைத்து வைக்கச் சொன்னேன்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளை சாகாமல் இருந்தால் போதும் என்றுதான் பல டாக்டர்கள் நினைத்தார்கள். சாமுவேல் டாக்டர் அப்படி இல்லை. "சிஸ்டர், இன்னைக்குப் பிழைச்சுட்டா. இருபது வருஷம் கழிச்சு இவ கண்ணு தெரியணும், கிட்னி வேலை செய்யணும், புள்ள பெத்துக்கணும். அது ஒரு நாள் ஊசியில வராது. தினம் தினம் பாக்கணும், வருஷக்கணக்கா பாக்கணும்" என்றார். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இவளைக் கரை சேர்க்காமல் விடுவதில்லை என்று சபதமே எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக நானே ஒரு ஏற்பாடு செய்தேன். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்கு ஏழு கட்டம் போட்டேன். ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம். கலர் பென்சில் பெட்டி ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் தினமும் காலையில் அவளே குழாயில் கொதிக்க வைத்து, என்ன நிறம் வருகிறதோ அதைக் கட்டத்தில் தீட்ட வேண்டும். மாதம் ஒரு தடவை மருந்து வாங்க வரும்போது நோட்டை என்னிடம் காட்ட வேண்டும். நீலமாக இருக்கிற வாரத்துக்குக் கீழே 'ரொம்ப நல்லது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நீலம் இல்லாவிட்டால் திட்ட மாட்டேன். 'ச்சு' என்பேன். அவ்வளவுதான், ஒரே ஒரு 'ச்சு'. ஆனால் என் மூஞ்சி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது, எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றரை வருஷம் நோட்டு நன்றாகப் போயிற்று. நீலம், நீலம், இடையில் ஒரு பச்சை, பெருநாள் வந்தால் ஒரு மஞ்சள். நான் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாகப் போவேன். "பாருங்கய்யா, ஒரு பொடிப் பொண்ணு. உங்களுக்கு மீசை எதுக்கு?" என்று பெரிய மனுஷர்களின் மானத்தை வாங்குவேன். மைமூன் என் புடவையைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நிற்பாள்.

அப்புறம் ஒரு மாதம் அவள் வரவில்லை. அத்தா மட்டும் நோட்டோடு வந்தார். முகம் பூரித்திருந்தது. "புள்ள பெரிய மனுஷி ஆயிட்டாம்மா. இப்போதிக்கு வெளிய அனுப்ப மாட்டாங்க. நல்லா துன்னுகினு, தூங்கிகினு கீறா. மருந்து மட்டும் குடுங்க, நான் எடுத்துகினு போறேன்."

எனக்கும் சந்தோஷம். நோட்டைப் புரட்டினேன். எல்லாம் நீலம். ஒரு பச்சை கூட இல்லை. முன்னைவிட நிறம் அடர்த்தியாக, கறுக்கலாக இருந்தது. நன்றாக அழுத்தித் தீட்டுகிறாள், பெரிய மனுஷி ஆனதும் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நாலு வாரத்துக்கும் 'ரொம்ப நல்லது' எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர், "பொண்ணு எங்கே?" என்று கேட்டார். சொன்னேன்.

"பாக்காம எப்படி மருந்து குடுக்கறது, சிஸ்டர்? இந்த வயசுல மருந்து ஜாஸ்தி தேவைப்படும்."

"நோட்டு இருக்கே சார். பாருங்க, எல்லாம் நீலம். மைமூன் நோட்டு சார் இது."

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே வராந்தாவில் எண்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "அடுத்த தடவை கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்று பழைய அளவையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமும் அத்தாதான் வந்தார். மூன்றாவது மாதமும் அவர்தான். நோட்டு நீலம். நான் கையெழுத்துப் போட்டேன்.

நாலாவது மாதம், ஒரு மத்தியானம், அவளை வாடகைக் காரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாக வாந்தி, வயிற்று வலி. திருஷ்டி என்று நினைத்திருக்கிறார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, நெஞ்சு பெரிசு பெரிசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் மோந்து பார்க்கக் குனியவே இல்லை. அறை வாசலிலேயே அந்தப் பழ வாசனை அடித்தது.

மூத்திரம் பிடித்துக் குழாயில் காட்டினேன். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை, செங்கல் பொடியைக் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. கை தவறிக் குழாயைக் கீழே போட்டேன். உடைந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "இன்னொண்ணு எடுங்க சிஸ்டர். மணிக்கு ஒரு தடவை பாக்கணும்" என்றார். சலைன் ஏறியது. மணிக்கு ஒரு ஊசி. அவளுக்காகத் தீட்டி வைத்திருந்த அதே ஊசி. அவள் ஆவென்று கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு மணிக்கும் குழாய் சிவப்பு. டாக்டர் வீட்டுக்குப் போகவில்லை, நானும் போகவில்லை.

மறுநாள் காலையில் ஆரஞ்சு வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். பாத்திமா பீவி முகம் கழுவப் போயிருந்தாள். நான் பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்தேன்.

"சிஸ்டரம்மா, நோட்டு பொய்."

"பேசாதடி கண்ணு. அப்புறம் பேசலாம்."

"தெனமும் சிவப்புதான் வந்துச்சு. பெரியம்மா, மாமி எல்லாம் களி கிண்டிக் குடுத்தாங்க. கருப்பட்டி போட்டு, நல்லெண்ண ஊத்தி. அம்மா துன்னலாமான்னு கேட்டுச்சு. நீலமாதான் கீதுன்னு நான் சொன்னேன்."

"ஏன்டி அப்படிச் சொன்னே?"

"இத்தினி நாளா எல்லாரும் நோய்க்காரப் புள்ளன்னு தள்ளியே வெச்சாங்க. அன்னிக்குத்தான் எல்லாப் பொண்ணுங்க மாதிரி எனக்கும் பூ வெச்சு, ஊட்டி வுட்டாங்க. சிவப்புன்னா நிறுத்திடுவாங்க."

"என்கிட்டயாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே. நான் மருந்தைக் கூட்டிக் குடுத்திருப்பேனே."

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீங்க 'ச்சு'ன்னு சொல்வீங்க" என்றாள். அப்புறம், "அம்மாகிட்ட சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். அவள் தூங்கினாள். தேறிவிட்டாள் என்றே நான் நம்பினேன். பதினோரு மணி வாக்கில் நாடி பின்னிப் பின்னி அடித்தது. அப்புறம் அடிக்கவில்லை. டாக்டர் கால் மணி நேரம் போராடினார். பாத்திமா பீவி, "எம்மா மைமூனு, எம்மா மைமூனு" என்று பாதத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அத்தா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் போய் ரொம்ப நேரம் கை கழுவினார். நான் பின்னாலேயே போய் நின்று, நோட்டு பொய் என்று அவள் சொன்னதைச் சொன்னேன். என் வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். "நாம பொண்ணைப் பாக்கல சிஸ்டர். நோட்டைப் பாத்தோம்" என்றார். நாம என்றார். உங்களால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் ஆளைப் பார்க்காமல் ஒருவருக்கும் மருந்து எழுதவில்லை. நானும் அதற்குப் பிறகு எந்தக் குழாயைப் பார்த்தும் 'ச்சு' சொல்லவில்லை. சிவப்பு வந்தால், "வந்துச்சா, நல்லதாப் போச்சு, இப்பவே தெரிஞ்சுது" என்பேன். வார்டில் இருந்தவர்களுக்கு நான் திடீரென்று ஏன் நல்லவளாகிவிட்டேன் என்று புரியவில்லை.

நாற்பது நாள் கழித்து பாத்திமா பீவி தனியாக வந்தாள். ஒரு பையில் சிரிஞ்ச், இரண்டு குழாய், ஸ்பிரிட் விளக்கு, மிச்சம் மருந்து, நோட்டு, பென்சில் பெட்டி. எல்லாம் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். "ஆஸ்பத்திரி சாமான். வேற புள்ளைக்கு ஆவும்" என்றாள். போகாமல் நின்றாள்.

"சிஸ்டரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லணும். நான் குடுத்த களியாலதானா?"

நான் என்ன சொல்வேன்? உன் பெண் பொய் சொன்னாள் என்றா? என் மூஞ்சிக்குப் பயந்து சொன்னாள் என்றா? முதலாவதைச் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன். இரண்டாவதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இதுதான் உண்மை. இத்தனை வருஷம் கழித்து இதில் மழுப்ப ஒன்றும் இல்லை.

"இல்ல பாத்திமாம்மா. நோய் முத்திடுச்சு. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

"நீலமா கீதுன்னுதான் குடுத்தேன்."

"தெரியும்மா."

அவள் என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கைதான் எம்புள்ளைக்கு வலிக்காம ஊசி போட்ட கை. நீ நல்லா இருக்கணும்" என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றேன்.

அவள் போன பிறகு அந்தச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பென்சில் பெட்டியைத் திறந்தேன். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு மூன்றும் நீளமாக இருந்தன. நீலம் கட்டையாகத் தேய்ந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சிவப்பும் பாதி தேய்ந்திருந்தது.

நோட்டைத் திறந்து, அத்தா கொண்டுவந்து காட்டிய மூன்று மாதத்துக்குப் போனேன். அந்தக் கறுக்கலான நீலம். ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டத்தை நகத்தால் மெள்ளச் சுரண்டினேன். நீலம் பொடியாக உதிர்ந்தது. அடியில் சிவப்பு இருந்தது. அடுத்த கட்டத்தைச் சுரண்டினேன். அதிலும் சிவப்பு. அவள் ஒவ்வொரு நாளும் முதலில் உண்மையைத் தீட்டிவிட்டுத்தான் அதன் மேல் நீலத்தைத் தீட்டியிருந்தாள். அப்படியேதான் மூன்று மாதமும் அந்த நோட்டு என் கைக்கு வந்து போயிருக்கிறது.

பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'ரொம்ப நல்லது' என்று என் கையால் எழுதி, நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.